ஷமுஹாவைக் காட்டிக்கொடுத்த கணக்குப் பட்டியல்

ஷமுஹா, பழங்காலத்தில் இன்றைய துருக்கியை ஆண்ட ஹிட்டைட் பேரரசின் புனித நகரங்களில் ஒன்று. தலைநகர் ஹட்டூசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் அதன் பெயர் அடிக்கடி வரும், இடம் மட்டும் பிடிபடாது. படகில் சரக்கு போன ஊர் என்று ஒரு பலகை சொல்கிறது. சரி, எந்த ஆறு? யூப்ரடீஸ் என்றது ஒரு கட்சி, கிசில்இர்மாக் என்றது இன்னொன்று. பல பத்தாண்டுகளாக இந்தச் சண்டை ஓயவில்லை. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் மண்ணைத் தோண்டாதவரை அத்தனையும் ஊகம்தான்.

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில், கிசில்இர்மாக் கரையில் இருக்கிறது கயாலிபினார். 2005இல் ஆண்ட்ரியாஸ் மியூலர்-கார்பே குழு அங்கே அகழாய்வைத் தொடங்கியது. ஹிட்டைட்டுகளின் அண்டை மக்கள் பேசிய ஹுரியன் மொழிப் பலகை கிடைத்தது. கயாலிபினார்தான் ஷமுஹா என்று வழக்கை முடித்து வைத்தது வேறொன்று: ஷமுஹாவின் வழிபாட்டுப் பட்டியல். எலிசபெத் ரீக்கன் 2014இல் அதை வெளியிட்டார். எந்தத் தெய்வத்துக்கு என்ன விழா, என்ன படையல் என்று குறித்து வைப்பதுதான் இந்த வகைப் பட்டியல்களின் வேலை. தங்கமும் சிங்கச் சிலையும் தேடுகிற செய்தியாளர்களுக்கு இதில் ஒரு படம்கூடத் தேறாது!

அனதோலியாவின், அதாவது ஆசியத் துருக்கியின் நடுவில் ஹுரியன் மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். துதாலியா என்ற ஹிட்டைட் மன்னர் தெற்கே ஹுரியன் சமயம் வேரூன்றியிருந்த கிசுவட்னாவிலிருந்து 'இரவின் தெய்வத்தை'ப் பிரித்து ஷமுஹாவிலும் குடியேற்றினார். பின்னாளில் எழுத்தர்களும் கோயில் ஊழியர்களும் சடங்கை இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், நான் பழைய பலகைகளைப் பார்த்துச் சரிசெய்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார் பிற்கால மன்னர் இரண்டாம் முர்சிலி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கோயில் பஞ்சாயத்துக்கு ஈடாக எந்த அரண்மனைச் சுவரையும் நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹட்டுசிலி இன்னும் சுவாரசியமான ஆள். நோயாளிச் சிறுவன் பிழைக்கவேண்டும் என்று ஷமுஹாவின் இஷ்தார் தெய்வத்துக்குப் பூசாரியாக விட்டார்கள். வளர்ந்தவர், அரியணையில் இருந்த அண்ணன் மகன் உர்ஹி-தெஷுபை அதே ஷமுஹாவில்தான் மடக்கினார். பட்டியில் பன்றியை அடைத்ததுபோல் தெய்வமே அடைத்துக் கொடுத்தது என்று அவரே பெருமை பேசுகிறார்.

பலகைகளில் வரும் வேறு இரண்டு நகரங்களான கும்மன்னியும் லவசந்தியாவும் எங்கே என்பது இன்னும் இழுபறியில் இருக்கிறது. பெயர் ஒத்துப்போகிறது என்று கும்மன்னியைப் பண்டைய கொமானா நகரில் வைப்பவர்கள் உண்டு, சிர்கெலி மேடு என்பவர்களும் உண்டு. லவசந்தியாவுக்குத் தத்தார்லி மேட்டைச் சொல்கிறார்கள். அந்த மண்ணிலிருந்தே ஊர்ப்பெயரைச் சொல்லும் பலகை வரட்டும். அதுவரை 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற தலைப்போடு வரும் எதையும் நான் பகிர்வதாக இல்லை.