மே மாதம் வந்தாலே கடுப்பு

ஆல்ப்ஸ் என்றதும் எல்லாருக்கும் பனியும் பசும்புல்லும்தான் நினைவுக்கு வரும். மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் மியூரன் மலைக்கிராமத்துக்கு வந்து பாருங்கள், தெரியும் சேதி. 1,638 மீட்டர் உயரம், கார் வர வழியில்லை. பனிச்சறுக்குக் கூட்டம் போயாச்சு, மலையேறுகிறவர்கள் இன்னும் வரவில்லை. ஹோட்டல் கதவுகளில் 'ஜூனில் சந்திப்போம்' என்று ஒரு தாள். சரி, அவர்களுக்கும் ஓய்வு வேண்டும்தான். அதற்காக ஒரு காபி குடிக்கக்கூட அலைய வேண்டுமா? கேபிள் காருக்கும் இப்போதுதான் பராமரிப்பு வேலை. சீசனில் சத்தம் கூடாதென்று ஒத்திப்போட்ட டிரில்லிங், இடிப்பு எல்லாம் காலை ஏழுக்கே ஆரம்பம். காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் புல்வெளியில் அடித்த சாணிக் கரைசல் மூக்கைத் துளைக்கிறது. வாசலில் உருகின பனியும் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கத் தூவிய ஜல்லிப்பொடியும் சேர்ந்து ஒரே சகதி. பூட்ஸைக் கழுவிக் கழுவியே கை விறைத்துப்போகிறது. இந்த லட்சணத்தில் "சொர்க்கத்தில் இருக்கிறாய், உனக்கென்னப்பா குறை?" என்று போன் வேறு!