நாற்பது எழுத்துக்குள் பாலையா

(சனிக்கிழமை மாலை. கோமதி சோபாவில் சாய்ந்து ஒரு பழைய படத்தை ஓடவிட்டிருக்கிறாள். தம்பி பாபு போனைப் பார்த்தபடியே நுழைகிறான்.)

பாபு: அக்கா, ஒரே நிமிடம். பிடித்த படம் ஒன்று சொல், பிடித்த நடிப்பு ஒன்று சொல். எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

கோமதி: யாருக்குப் பிடித்தது?

பாபு: எனக்குப் பிடித்தது.

கோமதி: உனக்குப் பிடித்ததை நான் எப்படிடா சொல்வது?

பாபு: எனக்கே தெரியாதே, அதனால்தானே உன்னிடம் வந்தேன். புது ஆபீஸில் அறிமுகப் படிவமாம். பெயர், வேலை, பிடித்த படம், பிடித்த நடிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் நாற்பது எழுத்துதான் ஏறும்.

கோமதி: நாற்பதா? தில்லானா மோகனாம்பாள் என்று பெயரை எழுதினாலே கால்வாசி போய்விடும். மிச்சத்தில் பத்மினியை எங்கே உட்கார வைப்பது?

பாபு: அதனால் சின்னப் பெயராகப் பார்த்துச் சொல். வீடு என்று ஒரு படம் உண்டாமே, அதைப் போட்டுவிடவா?

கோமதி: பார்த்திருக்கிறாயா?

பாபு: இரண்டே எழுத்து, அக்கா.

கோமதி: பாலு மகேந்திரா படம்டா அது, 1988. ஒரு வீடு கட்டுவதற்குள் ஒரு பெண் படும் பாடுதான் மொத்தக் கதை, அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருவாரே, அந்த நடை ஒன்றுக்கே தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுத்தை எண்ணிக்கொண்டு வந்து நிற்கிறாய். கேண்டீனில் ஒருவர் "ஓ, உங்களுக்கும் வீடு பிடிக்குமா" என்று கேட்டால் என்ன சொல்வாய்?

பாபு: வாடகை அதிகம் என்பேன். சரி, வேறு சொல்.

கோமதி: காதலிக்க நேரமில்லை என்று போடு. ஸ்ரீதர் எடுத்தது, 1964.

பாபு: ஆ, இது எனக்கே தெரியும்! ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்! நாகேஷ் அப்பாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்வாரே! படம் முடிந்தது. நடிப்பு... நா, கே, ஷ்.

கோமதி: அழி.

பாபு: ஏன்?

கோமதி: பாலையா என்று போடு. அந்த அப்பாவாக வருகிறவர்.

பாபு: அவர் சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறார்? கதை சொல்வது நாகேஷ், காற்று ஊதுவது நாகேஷ், கதவு கிறீச்சிடுவது நாகேஷ், கொலுசுச் சத்தம் வரைக்கும் அவரே கொடுக்கிறார்.

கோமதி: அத்தனையும் கொடுக்கிறார், சரி. நீ பயந்தது எதைப் பார்த்து? பட்டப்பகலில், சொந்த வீட்டில், எஸ்டேட் முதலாளி, தான் பெற்ற பிள்ளை கையில் காசில்லாமல் படம் எடுக்கப்போகிறேன் என்று அளப்பது தெரிந்தும் உட்கார்ந்து கேட்கிறார், முதலில் இந்தப் பயலிடம் மாட்டிக்கொண்டோமே என்று ஒரு முகம், அப்புறம் கொஞ்சம் ஆர்வமாக ஒரு முகம், கடைசியில் பேய் தனக்குப் பின்னாலேயே நிற்கிற மாதிரி ஒரு முகம். அந்த மூன்று முகமும் இல்லை என்றால் நாகேஷ் செய்தது மிமிக்ரி, அவ்வளவுதான். நாகேஷ் கதை சொல்கிறார், பாலையா அதைக் கேட்கிறார். கேட்பதுதான் கஷ்டம்.

பாபு: ஆனால் அக்கா, எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்...

கோமதி: இரு, நான் முடிக்கவில்லை. 1936-ல் சதிலீலாவதியில் வில்லனாக வந்த மனிதர்டா அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அத்தனை வருடம் மற்றவர்களைப் பயமுறுத்திவிட்டு, 1964-ல் வந்து பயப்படுகிறார். அடுத்த வருடம் திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர். பாண்டிய நாட்டுக்கே சவால் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார், வெளியே ஒரு விறகு விற்கிறவன் பாடுவான், அதைக் கேட்கக் கேட்க அந்தத் தலைக்கனம் படிப்படியாக இறங்கும் பார், ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டும் அளவுக்கு...

பாபு: அக்கா, நான்...

கோமதி: அப்புறம் தில்லானா மோகனாம்பாள். ஆட்டத்திலேயே மோகனா நலம் விசாரிக்க, சண்முகசுந்தரம் நாதஸ்வரத்தில் பதில் சொல்ல, பக்கத்தில் தவிலோடு பாலையா. அங்கேயும் கேட்கிற வேலைதான்.

பாபு: அக்கா, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீ ஒரு தடவையாவது பாலையாவாக இருந்தாயா?

கோமதி: ...சரி, சொல். என்ன?

பாபு: இப்போது மறந்துவிட்டது. பாலையா என்று போட்டுவிட்டேன். ஆனால் நாகேஷ் ரசிகர்கள் என்னை உதைப்பார்கள்.

கோமதி: நாகேஷுக்கும் அந்த வித்தை தெரியும்டா. மகளிர் மட்டும் பார்த்தாயா, 1994?

பாபு: பிணமாக வருவாரே!

கோமதி: அதேதான். கண் திறக்கக்கூடாது, முகம் அசையக்கூடாது, சுற்றி ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேரும் அமளி செய்தபடி தள்ளிக்கொண்டு போக, அந்த மனிதர் எதற்குமே எதுவுமே செய்யாமல் கிடந்து சிரிக்க வைக்கிறார். அதே வருடம் நம்மவரில் மகளைப் பறிகொடுத்த அப்பா. உடைந்து உடைந்து பேசுவார், பார்க்க முடியாது. துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது.

பாபு: பிணத்துக்கா?

கோமதி: அப்பாவுக்குடா.

பாபு: கஷ்டமான வேலை பிணத்துடையதுதானே? இப்போது நீதானே சொன்னாய்?

கோமதி: (சற்று யோசித்து) அதற்கும் கொடுத்திருக்கலாம்தான்.

பாபு: அப்படியென்றால் சும்மா இருந்தாலே நடிப்பு என்கிறாய். மீட்டிங்கில் நான் தினமும் செய்கிற வேலை அது. ஒருத்தரும் விருது கொடுக்கவில்லை.

கோமதி: நீ சும்மா இருக்கிறாய். அவர் சும்மா இருப்பது மாதிரி இருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்று ஒரு இயக்குநர், மொசுகின் என்கிற நடிகரின் ஒரே ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தரம் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார், ஒரு தரம் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தரம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். பார்த்தவர்கள் ஆஹா என்ன பசி, என்ன துக்கம், என்ன காதல் என்று நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகம் ஒன்றே ஒன்றுதான், துளி மாறவில்லை.

பாபு: அப்படியென்றால் நடித்தது யார்?

கோமதி: என்னடா கேள்வி?

பாபு: முகம் மாறவில்லை. ஒட்டியவர் ஒட்டினார், பார்த்தவர்கள் அழுதார்கள். விருது எடிட்டருக்குத்தானே போக வேண்டும்? பாலையாவை அழித்துவிட்டு எடிட்டர் என்று போடவா?

கோமதி: இந்தக் கதையை உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

பாபு: சொல், அக்கா. பாலையா பயந்தாரா, ஸ்ரீதர் பயப்பட வைத்தாரா?

கோமதி: குலெஷோவை விடு. அவர் செய்தது சோதனை. நான் சொல்வது படம். சாப்ளின் எடுத்த சிட்டி லைட்ஸைப் பார், 1931, ஊரெல்லாம் பேசும் படம் ஓடுகிற நேரத்தில் இந்த மனிதர் மட்டும் வசனம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். கடைசிக் காட்சியில் பார்வை வந்துவிட்ட பூக்காரப் பெண், பிச்சைக்காரன் என்று நினைத்துக் காசு கொடுக்கப்போய், கையைத் தொட்டதும் யாரென்று தெரிந்துகொள்கிறாள். பார்வை வர உதவி செய்தவன் எதிரே பூவை வைத்துக்கொண்டு அசடு வழிய நிற்கிறான். இதை எந்த எடிட்டரும் ஒட்ட முடியாது. நான் ஒவ்வொரு தரமும் அழுதிருக்கிறேன்.

பாபு: நீ பிஸ்கட் விளம்பரத்துக்கே அழுவாய்.

கோமதி: அந்த விளம்பரத்தில் அந்தத் தாத்தா நன்றாகச் செய்திருந்தார்.

பாபு: சரி, சிவாஜி? அவர் பேசியதுதானே நடிப்பு? பராசக்தி கோர்ட் சீனில் யார் என்ன கேட்டார்கள் என்று ஒருவருக்கு ஞாபகம் இருக்குமா?

கோமதி: (எழுந்து உட்கார்ந்து) இந்த வீட்டில் சிவாஜியைப் பற்றிப் பேசும்போது காலை மடக்கி உட்கார். முதல் படத்திலேயே, 1952-ல், கலைஞர் எழுதிய வசனத்தை அப்படிப் பேசினவர். கட்டபொம்மனுக்காக 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் என்று கொடுத்தார்கள். இங்கே சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசி வரை ஒரு தரம்கூட வரவில்லை. கெய்ரோக்காரனுக்குத் தமிழ் தெரியாது, அப்படியும் விளங்கியிருக்கிறது.

பாபு: அப்போது நவராத்திரி போட்டுவிடுகிறேன். ஒன்பது வேஷம். நாற்பது எழுத்துக்குள் ஒன்பது சிவாஜி, லாபம்.

கோமதி: நவராத்திரியா? 1964. அதில் யார் நடிப்பு பிடிக்கும்?

பாபு: ஒன்பது சிவாஜி என்று சொன்னேனே.

கோமதி: அழி. சாவித்திரி.

பாபு: அக்கா!

கோமதி: கணக்குப் போட்டுப் பார். சிவாஜிக்கு ஒன்பது வேஷம். ஒவ்வொன்றுக்கும் தனி மேக்கப், தனிக் குரல், தனி நடை, ஒருவர் முடிந்ததும் அடுத்தவராக மாறிவிடலாம். அந்த ஒன்பது பேரையும் ஒன்பது ராத்திரி சந்திக்கும் பெண் ஒருத்திதான், ஒருத்தரைப் பார்த்துப் பயப்பட வேண்டும், ஒருத்தருக்காக இரங்க வேண்டும், ஒருத்தரிடம் அருவருப்பு, நடுவில் பைத்தியம் மாதிரி வேறு நடிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தரமும் அதே நளினாவாக இருந்துகொண்டே. ஒன்பது சிவாஜியை எல்லாரும் எண்ணினார்கள், எதிரே நின்ற ஒன்பது சாவித்திரியை எவரும் எண்ணவில்லை. எல்லா ராத்திரியும் அதே நளினாதானே, எப்படி எண்ணுவார்கள்!

பாபு: (போனை மடியில் வைத்துவிட்டு) இது... நியாயமாக இருக்கிறதே.

கோமதி: இருக்கும்.

பாபு: நான் இத்தனை நாள் அந்தப் படத்தில் அவர் இருப்பதையே...

கோமதி: அதைத்தான் சொல்கிறேன்.

பாபு: சரி, சாவித்திரி. இல்லை, இரு, இரு. இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ கேட்கிறவர்தான் பெரிய நடிகர் என்கிறாய், இல்லையா? அப்படியென்றால் கரகாட்டக்காரன்.

கோமதி: என்ன கரகாட்டக்காரன்?

பாபு: வாழைப்பழம்.

கோமதி: டேய்.

பாபு: கேள் அக்கா, பாலையா மாதிரிக் கேள். கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னார், ஒரு பழம் வந்திருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்கிறார். செந்தில் அமைதியாக "அந்த இன்னொன்றுதான் இது" என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். பதில் மாறவில்லை, குரல் மாறவில்லை, அந்த ரஷ்யக்காரர் முகம் மாதிரி அப்படியே இருக்கிறது. மாறுவது யார்? கவுண்டமணி! முதல் தரம் தனக்குக் காது சரியாக விழவில்லையோ என்கிற மாதிரி, அடுத்த தரம் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி, அதற்கு மேல் கண்ணிலேயே அடி விழுகிறது. ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, போன தரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்க வேண்டும். 1989-லிருந்து ஊரே அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மனிதரை யாராவது சொன்னார்களா?

(நீண்ட மௌனம். டிவியில் யாரோ அழுகிறார்கள். கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் இது அபூர்வம்.)

கோமதி: செந்தில்தானே அதில் அழகு?

பாபு: அழி.

கோமதி: நீ என்னிடமே அழி என்கிறாயா?

பாபு: நீ சொன்ன கணக்குதான். செந்தில் நாகேஷ், கவுண்டமணி பாலையா. நான் அந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, தூங்கப் போகும்போதுகூடப் பார்ப்பேன். பிடித்த படம் எது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன் பார்! எனக்குப் பிடித்த படம் கரகாட்டக்காரன்.

கோமதி: புது ஆபீஸில் முதல் வாரமே கரகாட்டக்காரனா? உலக சினிமா என்று பேசுகிறவர்கள் இருப்பார்கள். சிட்டி லைட்ஸ் என்றாவது போடு. கௌரவமாக இருக்கும்.

பாபு: சாப்ளினுக்கு அழுதது நீ. நான் சிரித்தது கவுண்டமணிக்கு. அதோடு கங்கை அமரன் எடுத்த படத்துக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

கோமதி: குறைச்சல் என்று நான் எங்கே சொன்னேன்? நானும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நடிப்பு என்று...

பாபு: டைமிங் நடிப்பு இல்லையா?

கோமதி: ...நடிப்புதான். சரி, போட்டுத் தொலை. காரணம் என்ன எழுதுவாய்?

பாபு: "கேட்டதற்காக." போதும்.

கோமதி: புரியாதே?

பாபு: கேட்பார்கள். அப்போது உன் போன் நம்பரைக் கொடுப்பேன். (அழுத்துகிறான்.) போய்விட்டது. அடக் கடவுளே, அடுத்த பக்கம் ஒன்று திறக்கிறது.

கோமதி: என்ன கேட்கிறார்கள்?

பாபு: பிடித்த பாடல்.

கோமதி: (டிவியை அணைத்துவிட்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு) உட்கார். பாடலா, பாடினவரா? மெட்டுப் போட்டவரைக் கேட்டிருக்கிறார்களா? பல்லவிக்கு முன்னால் புல்லாங்குழல் வாசித்த மனிதரை எவனும் கேட்க மாட்டான், நீ அவரைத்தான்...

பாபு: காது கேட்காது என்று போட்டு அனுப்பிவிட்டேன், அக்கா.