அமேசானுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

"ஆன்லைன்காரன் நஷ்டத்துக்கு விற்று நம்ம ஊர்க் கடைக்காரன் வயிற்றில் அடிக்கிறான்" என்று ஒரு கட்சி. "அமேசானுக்குக் கடையெல்லாம் சும்மா, சம்பாதிப்பது முழுக்க கிளவுடில்தான்" என்று இன்னொரு கட்சி. (கிளவுட் என்றால் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடும் தொழில்.) பேச்சு வரும்போதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், இரு தரப்பும் கண்டுகொள்ளாத ஒரு வருமானம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான். பதிவு நீளம், முன்பே சொல்லிவிடுகிறேன்.

2024 கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு உலகம் முழுக்க அமேசானின் வருவாய் 63,800 கோடி டாலர். இதை நூறு டாலராகச் சுருக்கினால், தானே சரக்கு வாங்கி இணையத்தில் விற்று வந்தது 39 டாலர்தான். மற்ற வியாபாரிகள் அந்தத் தளத்தில் விற்பதற்காகக் கட்டிய கமிஷன், கிடங்கு, டெலிவரிக் கட்டணங்கள் 24 சொச்சம். கிளவுட் 17. விளம்பரம் 9. வேகமாக டெலிவரி தரும் பிரைம் முதலான சந்தாக்கள் 7. மிச்சம் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகைக் கடைகள் மாதிரியான நேரடிக் கடைகளும் சில்லறை வரவுகளும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளி வியாபாரி 100 டாலர் பொருளை விற்றால் அந்த நூறும் அமேசானின் வருவாயில் ஏறாது. அவர் கட்டும் கட்டணம் மட்டும்தான் ஏறும். தளத்தில் விற்கும் பொருள்களில் எண்ணிக்கைப்படி பத்தில் ஆறு இப்படி வெளி வியாபாரிகள் விற்பவை. ஆக, நாம் 'அமேசானில் வாங்கினேன்' என்று சொல்லும் பொருள்களில் பெரும்பாலானவற்றை அமேசான் நமக்கு விற்கவே இல்லை.

கிளவுட் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஏடபிள்யூஎஸ் என்ற அமேசானின் கிளவுட் பிரிவின் சேவைகள் 2006-இல் சந்தைக்கு வந்தன. அடுத்தவர்களின் இணையதளம், செயலி, தரவுகள் எல்லாவற்றுக்கும் கணினியை வாடகைக்கு விடும் தொழில். (கிறிஸ்துமஸ் கூட்டத்துக்காக வாங்கிப் போட்ட சர்வர்கள் மற்ற மாதங்களில் சும்மா கிடந்ததால் வாடகைக்கு விட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸே அதை மறுத்துவிட்டார். அப்படி இருந்தால் டிசம்பர் வந்ததும் வாடகைக்காரர்களை எல்லாம் காலி செய்யச் சொல்லியிருக்க வேண்டுமே!) 2015 வரை இதன் லாபத்தைத் தனியாக வெளியிடவே இல்லை. 2024-இல் வருவாயில் 17 சதவீதம் மட்டுமே உள்ள இந்தப் பிரிவு, செயல்பாட்டு லாபத்தில் (வட்டி, வரிக்கு முந்தைய லாபம்) 58 சதவீதத்தைக் கொண்டுவந்தது. மொத்தம் 6,860 கோடி டாலர், அதில் கிளவுட் 3,980 கோடி. 2022-இல் நிலைமை இன்னும் விநோதம். கடைப் பக்கம் (கிளவுட் தவிர்த்த எல்லாம், விளம்பரமும் இதில்தான்) உலகம் முழுக்கச் சேர்த்து 1,060 கோடி டாலர் நஷ்டம். கிளவுட் சம்பாதித்த 2,280 கோடிதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது.

அப்போ இரண்டாவது கட்சி சொல்வது சரிதானே என்றால், பாதிதான் சரி. 2024-இல் கடைப் பக்கமும் 2,880 கோடி டாலர் லாபம் காட்டியிருக்கிறது. இரண்டே வருடத்தில் அவ்வளவு நஷ்டத்திலிருந்து இவ்வளவு லாபத்துக்கு எப்படி வந்தார்கள்? ஆட்குறைப்பு செய்தார்கள், கொரோனா காலத்தில் அவசரமாகக் கட்டிய கிடங்குகளைச் சீர்செய்தார்கள், அமெரிக்காவுக்குள் டெலிவரியை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துத் தூரத்தைக் குறைத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் விளம்பர வருவாயைப் பாருங்கள். 2021-இல் 3,120 கோடி டாலர். 2024-இல் 5,620 கோடி.

விளம்பரத்தில் எவ்வளவு லாபம் என்பதை அமேசான் தனியாகச் சொல்வதில்லை. அதனால் இது என் சொந்தக் கணக்கு, சரிபார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குக் கிடங்கு வேண்டாம், வேன் வேண்டாம், பெட்டி கட்டும் ஆள் வேண்டாம். வருவதில் பாதி செலவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது தாராளமான கணிப்பு. அப்படியும் 2,810 கோடி டாலர் மிஞ்சும். கடைப் பக்கத்தின் மொத்த லாபமே 2,880 கோடிதான். விளம்பரத்தைக் கழித்துவிட்டால், உலகம் முழுக்க இத்தனை கிடங்கு, இத்தனை லாரி, இத்தனை லட்சம் ஊழியர்களை வைத்து நடத்தும் வியாபாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் நிற்காது.

அந்த விளம்பரம் என்பதுதான் என்ன? டிவி விளம்பரம் மாதிரி பெரிய சமாச்சாரம் இல்லை. பிரைம் வீடியோவில் 2024 முதல் விளம்பரம் வருகிறது, அது இதில் ஒரு சின்னப் பகுதி. பெரும்பகுதி தேடல் முடிவுகளின் வரிசைதான். நீங்கள் 'தோசைக்கல்' என்று தேடுகிறீர்கள். அந்தச் சொல்லுக்கு ஏலம் நடக்கிறது. கூடுதலாக ஏலம் கேட்டவர்களின் தோசைக்கல் மேலே வருகிறது, ஓரத்தில் 'ஸ்பான்சர்டு' என்று கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் ஒரு வார்த்தை. நீங்கள் அதைத் தொட்டதும் வியாபாரியின் கணக்கிலிருந்து பணம் போய்விடும். வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

கரூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் இணையத்தில் விற்கிறார். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. "முதல்ல விளம்பரம் கொடுத்தா கூடுதலா விக்கும்னு சொன்னாங்க. இப்ப விளம்பரம் கொடுக்கலைன்னா இருக்கிறதும் விக்க மாட்டேங்குது" என்றார். போட்டியாளர் ஏலம் கேட்கும்போது நீங்கள் சும்மா இருக்க முடியாது. அவர் ஏற்றுவார், நீங்கள் ஏற்றுவீர்கள், இருவரும் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். வித்தியாசம் தளத்துக்காரரின் கல்லாவில் மட்டும் தெரியும்.

வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைதாரர் நம் ஊர்களில் உண்டு. கத்தரிக்காய் விற்றாலும் விற்காவிட்டாலும் கூடைக்கு இவ்வளவு என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. யார் கடை ஆள் கண்ணில் படலாம், யார் கடை படக்கூடாது என்று தினமும் காலையில் ஏலம் விட அவரால் முடியாது. தானும் ஒரு கடை போட்டு, பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

வியாபாரி மொத்தமாக எவ்வளவு கட்டுகிறார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் பெரும்பாலான பொருள் வகைகளுக்குக் கமிஷன் 15 சதவீதம். 20 டாலருக்கு ஒரு சமையலறைச் சாமான் என்றால் 3 டாலர் அங்கேயே போயிற்று. பிரைம் முத்திரை வேண்டுமானால் நடைமுறையில் சரக்கை அமேசான் கிடங்கிலேயே வைத்து, அவர்கள் மூலமாகவே அனுப்புவதுதான் வழி. 2006 முதல் உள்ள ஏற்பாடு இது. எடைக்கும் அளவுக்கும் ஏற்ப நாலைந்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு வாடகை தனி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது ஏறும். மேலே சொன்ன விளம்பரம் ஒன்றிரண்டு டாலர். கூட்டிப் பார்த்தால் விற்ற விலையில் பாதியைத் தொடுகிறது. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் போட்ட வழக்கில், வியாபாரிகளின் வருவாயில் கிட்டத்தட்ட பாதியை அமேசான் எடுத்துக்கொள்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத விளம்பரங்களைக் கூடுதலாக அனுமதிக்கும்படி அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸே அதிகாரிகளிடம் சொன்னதாகவும் அதே வழக்கு குற்றம் சாட்டுகிறது. அமேசான் எல்லாவற்றையும் மறுக்கிறது. கிடங்குச் சேவையும் விளம்பரமும் யார் மீதும் திணிக்கப்படவில்லை, விருப்பம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். விசாரணை 2027-க்குக் குறிக்கப்பட்டிருக்கிறது.

"வியாபாரி கட்டுகிறார், எனக்கென்ன?" என்று கேட்கலாம். வியாபாரி அதை விலையில்தான் ஏற்றுவார். சரி, தன் சொந்த இணையதளத்தில் மலிவாக விற்கட்டுமே என்றால் அங்கேதான் முடிச்சு. வேறெங்கும் இதைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒரு காலத்தில் ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் 2013-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் வேறு இடத்தில் விலை குறைந்தால் இங்கே 'வாங்கு' பொத்தான் காணாமல் போய்விடும், தேடலில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், பெயர்தான் மாறியிருக்கிறது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் அமேசான் பக்கமே எட்டிப் பார்க்காதவரும் அமேசானின் கட்டணத்தைச் சேர்த்துத்தான் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகும்.

இன்னொரு வரவு இருக்கிறது, லாபக் கணக்கில் தெரியாது. நம்மிடம் காசை உடனே வாங்கிக்கொள்கிறார்கள். சரக்கு கொடுத்தவருக்கும் வியாபாரிக்கும் பிறகுதான் கொடுக்கிறார்கள். 2024 முடிவில் கிடங்கில் இருந்த சரக்கின் மதிப்பு 3,420 கோடி டாலர், கொடுக்க வேண்டிய பாக்கி 9,440 கோடி டாலர். அத்தனையும் வட்டியில்லாமல் கையில் சுழலும் பணம். 1994-இல் தொடங்கி 2002 வரை ஒரு முழு ஆண்டுகூட லாபம் காட்டாத கம்பெனி எப்படி மூச்சு விட்டது என்பதற்குப் பங்குச் சந்தைப் பணத்தோடு சேர்த்து இதுவும் ஒரு பதில்.

பிரைம் சந்தாவில்தான் கொழிக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி. 2024-இல் எல்லாச் சந்தாவும் சேர்ந்து 4,440 கோடி டாலர், அனுப்பும் செலவு மட்டும் 9,580 கோடி. சந்தாவின் வேலை வேறு. வருடத்துக்கு முன்பணம் கட்டியவர் வேறு கடைக்குப் போக யோசிப்பார். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் வியாபாரியிடம் கிடங்குக் கட்டணமும் விளம்பரமும் வாங்க முடிகிறது. சந்தாவில் சேர்ப்பதிலும் விலகவிடாமல் இழுத்தடிப்பதிலும் ஏமாற்று வேலை நடந்தது என்ற வேறொரு வழக்கில் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து அமெரிக்காவில் சமரசம் செய்துகொண்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமல்தான்.

இந்தியாவுக்கு வந்தால் கதையில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டு முதலீட்டு விதிப்படி இங்கே அமேசான் தானே சரக்கு வைத்து நமக்கு நேரடியாக விற்க முடியாது, சந்தைத் தளம் மட்டும்தான் நடத்தலாம். கூட்டாகப் பங்கு வைத்திருந்த கிளவுட்டெயில் என்ற விற்பனை நிறுவனத்தின் மூலம் கொஞ்ச காலம் சமாளித்தார்கள். 2019 பிப்ரவரியில் விதி இறுகியது, 2022 மே மாதத்தோடு அந்தக் கூட்டணியும் முடிந்தது. சின்ன வியாபாரிகளைக் காப்பாற்றப் போட்ட விதி என்றார்கள். ஆனால் எந்தப் பக்கம் லாபம் அதிகமோ, அந்தக் கட்டணம் வசூலிக்கும் பக்கம்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சரக்கு தேங்கினால், விலை இறங்கினால் அடி வாங்குவது முழுக்க முழுக்க நம் ஊர் வியாபாரி. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கிளவுடில் சம்பாதிப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, நல்ல சேவை, நியாயமான காசு. கமிஷனும் சரி, கூட்டம் சேர்த்துக் கொடுப்பவருக்குக் கூலி உண்டு. விளம்பரம்தான் நெருடுகிறது. கடைக்காரரிடம் "எது நல்லாயிருக்கும்?" என்று கேட்டால் தன் அனுபவத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் நாம் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்கிறோம். அங்கே வரும் பதிலை அவர் ஏலத்தில் விற்றுவிட்டார்.

"அப்போ அங்கே வாங்கவே கூடாதா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: நானும் வாங்குகிறேன். முதல் இரண்டு மூன்று வரிசைகளைப் பார்க்காமல் தாண்டுகிறேன். அப்புறம் பிடித்த பொருளின் தயாரிப்பாளருக்குச் சொந்தத் தளமோ வாட்ஸ்அப் எண்ணோ இருந்தால் அங்கே ஒரு முறை விலை கேட்கிறேன். இதைப் படிக்கும் வியாபாரிகள் யாராவது தங்கள் கமிஷன், அனுப்பும் செலவு, விளம்பரச் செலவு மூன்றையும் விற்பனை விலையில் இத்தனை சதவீதம் என்று கமெண்டில் போட்டால் நன்றாக இருக்கும். தளத்தின் பெயர் வேண்டாம், சதவீதம் போதும்.