கையில் தெரியும் நீலக் கோடு கெட்ட ரத்தம் இல்லை

"புறங்கையில் நீல நரம்பு தெரிகிறதா? அது ஆக்சிஜனே இல்லாத கெட்ட ரத்தம், ஊசியால் குத்தி வெளியேற்றுங்கள்." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. குத்தினால் கிருமித்தொற்றுதான் வரும்.

முதலில், அது நரம்பே இல்லை. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை. அதில் ஓடுவதும் சிவப்பு ரத்தம்தான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. உடல் ஓய்வில் இருக்கும்போது அதிலும் சுமார் 75 விழுக்காடு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். தோல் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலமாகத் தெரிகிறது.

அந்த ரத்தம் அங்கேயே தேங்கி நிற்கிறதா? நீங்களே பாருங்கள். முழங்கைக்குக் கீழே புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் மேல்நோக்கி நீவுங்கள். குழாய் வெறுமையாகும். கீழ்விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைப் பின்னால் விடுவதில்லை. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் காட்டியது இதைத்தான்.

சிங்கப்பூரின் ஊட்ரம் ரத்த வங்கியில் தானம் செய்தவர்களைக் கேளுங்கள். சிரையில் எடுத்த ரத்தம், காற்றே படாத பையில் கருஞ்சிவப்பாகத்தான் நிறையும். கால் வீங்கி வலித்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.