புது விமானம் வருகிறது, சரி. அதை ஓட்டுகிறவர் சம்பளம்?

ஏதாவது ஒரு ஏர்லைன் 300 விமானம், 500 விமானம் ஆர்டர் போட்டது என்று செய்தி வந்தால் போதும், நண்பர்கள் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "இனி உனக்கென்னப்பா கவலை" என்று கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா ஏர்பஸ், போயிங் இரண்டிடமும் சேர்த்து 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தபோதும் இதே பேச்சு, அதே வருடம் ஜூனில் இண்டிகோ 500 ஏர்பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தபோதும் இதே பேச்சு. விமானம் ஓட்டிச் சம்பாதிக்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏர்லைன் எதை வாங்குகிறது, எதைத் திருப்பிக் கொடுக்கிறது, எது இன்ஜின் இல்லாமல் ஓரமாக நிற்கிறது என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனி சமாச்சாரம். எங்களுக்கு அதுதான் அடுத்த மாதச் சம்பளச் சீட்டு. முடிவெடுப்பது நிர்வாகம், அது தப்பாகப் போனால் முதலில் வெட்டு விழுவது எங்கள் மணிக்கணக்கில். இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். இந்தியாவில் பெரும்பாலான ஏர்லைன்களில் விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் நேரத்தோடு கட்டப்பட்டது. மாதத்துக்கு இத்தனை மணிநேரத்துக்கு உறுதியாகப் பணம் உண்டு, அதற்கு மேல் பறந்தால் ஒவ்வொரு மணிக்கும் தனியாக. அந்த மணி எப்போது ஓடத் தொடங்குகிறது என்றால், பயணிகள் ஏறி, கதவு சாத்தி, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போதுதான். அதற்கு ஒரு மணிநேரம் முன்பே வந்து வானிலை பார்த்தது, எரிபொருள் எவ்வளவு என்று முடிவு செய்தது, நடுவில் தரையில் காத்துக் கிடந்தது, கூப்பிட்டால் உடனே கிளம்ப, வீட்டில் சீருடையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்திருந்தது, இவையெல்லாம் வேலைதான், ஆனால் பறந்த கணக்கில் ஏறாது.

நான் முதலில் ஏடிஆர் 72 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தில் கோ-பைலட். சென்னையிலிருந்து தூத்துக்குடி, திரும்பி சென்னை, அப்புறம் சேலம், மறுபடி சென்னை. நாலு டேக்-ஆஃப், நாலு லேண்டிங், எல்லாம் சேர்த்து ஐந்து மணிநேரம் சொச்சம்தான் கணக்கில் வரும். ஏடிஆரில் தரையில் மின்சாரம் கொடுக்கும் தனிச் சிறு இன்ஜின் கிடையாது. வலது இன்ஜினின் புரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டுத்தான் கரண்டும் ஏசியும் எடுக்க வேண்டும், மே மாத மத்தியானத்தில் அந்த ஏசி எந்த மூலைக்கு? அது 25,000 அடிக்கு மேல் ஏறாத விமானம். ஐப்பசி, கார்த்திகையில் ஜெட் விமானங்கள் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், நாங்கள் அதன் வயிற்றுக்குள்ளேயே இடது பக்கம் திரும்பலாமா வலது பக்கம் திரும்பலாமா என்று ரேடாரைப் பார்த்துக்கொண்டு போவோம். இன்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ-த்ரஸ்ட் இல்லை, பவர் லீவர் கடைசிவரை கையில்தான். கை வேலையைச் சரியாகக் கற்றுக்கொடுத்தது அந்த விமானம்தான், அதில் எனக்குக் குறையில்லை.

இப்போது அதே சென்னையிலிருந்து ஏர்பஸ் ஏ320 ஜெட்டில் டெல்லி போய்த் திரும்புகிற ஒரு நாளைப் பாருங்கள். இரண்டு டேக்-ஆஃப், இரண்டு லேண்டிங், கிட்டத்தட்ட ஆறு மணிநேரம் கணக்கில் ஏறிவிடும். வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்பி வருவதற்குள் போகும் பொழுது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் மணிக்கான விலையே சின்ன விமானத்துக்குக் குறைவாகவும் பெரிய விமானத்துக்கு அதிகமாகவும் இருக்கிறது. ஆக, அதிகம் ஏறி இறங்குகிறவருக்கு மணியும் குறைவு, மணிக்கான விலையும் குறைவு. இன்னும் மேலே போனால் டெல்லி - சான்பிரான்சிஸ்கோ மாதிரி 16 மணிநேரத் தடங்கள், நாலு விமானிகள் மாறி மாறி உட்காருவார்கள். பணம் நன்றாக வரும், ஆனால் லேண்டிங் என்பது எப்போதோ கைக்கு வருகிற விஷயம். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்தாக வேண்டும் என்ற விதிக்காகவே, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் எந்த நாட்டு நேரத்தில் வரும் என்று உடம்புக்கே தெரியாமல் போய்விடும்.

"அப்படியானால் பெரிய விமானத்துக்கு மாறிவிட வேண்டியதுதானே" என்று கேட்கிறார்கள். மாருதி ஓட்டுகிறவர் டாடா வாங்கி ஓட்டுகிற மாதிரி காரியம் இல்லை இது. எங்கள் லைசென்ஸ் விமானத்தின் வகையோடு சேர்ந்தது. டைப் ரேட்டிங், அதாவது அந்த வகையை ஓட்டத் தனி அனுமதி, இல்லாமல் அந்த விமானத்தைத் தொட முடியாது. முதலில் வகுப்பு, பரீட்சை. அப்புறம் வாரக்கணக்கில் சிமுலேட்டர், கிரேட்டர் நொய்டாவிலோ குருகிராமிலோ ஸ்லாட் இரவு இரண்டு மணிக்குக் கிடைத்தால் அந்த நேரத்துக்குப் போய் இன்ஜின் தீப்பிடிப்பதையும் ஹைட்ராலிக் போவதையும் சமாளித்துக் காட்ட வேண்டும். அது முடிந்தால் பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பல செக்டர்கள், கடைசியில் தனியாக ஓட்டவிடலாமா என்று பார்க்கும் ரிலீஸ் செக். இத்தனை மாதமும் லாக்புக்கில் ஏறுகிற மணி சொற்பம். நான் மாறியபோது உறுதித் தொகை மட்டும்தான் கைக்கு வந்தது, கோர்ஸ் தேதி தள்ளிப்போகத் தள்ளிப்போக அந்த வறட்சியும் நீண்டது, வீட்டுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் போனது. அதோடு பாண்டு வேறு, இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் பல லட்சம் கட்ட வேண்டும் என்று. பழைய விமானத்தைக் குறைக்க முடிவு செய்தது கம்பெனி, என்னை மாறச் சொன்னதும் கம்பெனி, கடன்காரனாகக் கையெழுத்துப் போட்டது நான். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, என்னோடு வேலை பார்க்கிற பலரும் வேறு வேறு இடங்களில் இதே கதையைச் சொல்கிறார்கள்.

ஒரு புது விமானம் வருவதே எவ்வளவு பெரிய சண்டை ஆகும் என்பதற்கு 2012 ஏர் இந்தியாதான் உதாரணம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். ஒரு பக்கம் பெரிய விமானங்களை வெளிநாடுகளுக்கு ஓட்டியவர்கள், இன்னொரு பக்கம் உள்நாட்டில் ஏர்பஸ் ஓட்டியவர்கள். பெயர் ஒன்றானது, சம்பளம் ஒன்றாகவில்லை, சீனியாரிட்டி வரிசையும் ஒன்றாகவில்லை. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு 10 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி போட்டார்கள். அதற்குள் 27 போயிங் 787 ட்ரீம்லைனர்கள் வரப்போகிற நேரம் வந்துவிட்டது, யார் அதில் பயிற்சிக்குப் போவது என்ற கேள்வி வந்தது. இரு பக்கத்திலிருந்தும் அனுப்புவோம் என்றது நிர்வாகம். பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு அதை எதிர்த்து 2012 மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது, 58 நாள் நடந்தது, நூறுக்கும் மேற்பட்ட விமானிகளை வேலையிலிருந்து தூக்கினார்கள், கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு ஜூலையில் முடிந்தது. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன கொழுப்பு என்று அப்போது ஊரே பேசியது.

அதை நான் கொழுப்பு என்று நினைக்கவில்லை. கோ-பைலட்டாகவே வருடக்கணக்கில் காத்திருக்கிறவருக்குப் புது விமானம் என்றால் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, கமாண்ட் என்றால் சம்பளத்தில் பெரிய தாவல். அந்த இடத்தில் வேறு வரிசையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால் காத்திருந்த வருடங்களுக்கு யார் பதில் சொல்வது? அதே சமயம் ஏர்பஸ் ஓட்டியவருக்கும் அதே கம்பெனியின் புது விமானத்தில் உரிமை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இணைப்பு நடந்து ஐந்து வருடம் ஆகியும் ஒரே சீனியாரிட்டி பட்டியல் போடாமல் விமானத்தை மட்டும் வாங்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்களில் யாருக்கும் அந்த 58 நாளில் வேலை போகவில்லை.

வராத விமானம் இன்னும் மோசம். 2019 மார்ச்சில் போயிங் 737 மேக்ஸை உலகம் முழுவதும் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. ஸ்பைஸ்ஜெட் மேக்ஸுக்குப் பதிலாக முப்பதுக்கும் மேற்பட்ட வேறு விமானங்களைச் சேர்த்தது, மேக்ஸ் சீக்கிரம் திரும்பிவிடும் என்று நம்பி விமானிகளையும் எடுத்துக்கொண்டே போனது. மேக்ஸ் இந்தியாவில் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது 2021 ஆகஸ்டில், நடுவில் கொரோனா. 2022 செப்டம்பரில் சுமார் 80 விமானிகளை மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பில் போகச் சொன்னார்கள், விமானிகள் தேவைக்கு அதிகமாகிவிட்டார்கள் என்று காரணம். மேக்ஸ் எப்போது திரும்பும் என்று தப்பாகக் கணக்குப் போட்டதில் அந்த 80 பேருக்கு என்ன பங்கு?

கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறில் ஏ320 நியோக்களில் பாதி நின்றுவிட்டதாகச் சொல்லி 2023 மே மாதம் திவால் மனு போட்டது. அங்கிருந்தவர்களில் பலர் தப்பித்தது, கையில் இருந்தது ஏ320 ரேட்டிங் என்பதால். இந்தியாவில் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதுவே கியூ400 என்ற புரொப்பெல்லர் விமானம் மட்டும் ஓட்டியவராக இருந்தால் கதவு தட்ட எத்தனை வீடு இருக்கிறது? ஒரு விமானி தன் திறமையால் பிழைக்கிறாரா, முதல் வேலையில் அவருக்குக் கிடைத்த விமானத்தின் அதிர்ஷ்டத்தால் பிழைக்கிறாரா என்று எனக்கே பல நாள் சந்தேகம் வரும்.

அப்புறம் அந்த 70, 40 விவகாரம். ஏர் இந்தியா 2023இல் புது ஒப்பந்தம் கொண்டுவந்து உறுதியான மணிக்கணக்கை 70இலிருந்து 40 ஆக்கியது. ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன்னால் விஸ்தாரா ஏர்லைனிலும் அதே 40. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்தாரா விமானிகள் பலர் உடம்பு சரியில்லை என்று வராமல் போக, விமானங்கள் வரிசையாக ரத்தாகின. 30 மணி குறைந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்கள், விமானம் நிற்கும் மாதத்தில் அந்த 30 மணிதான் ஒரு குடும்பத்தின் முழு உபரி என்பதை யோசித்துப் பார்க்கவில்லை. நன்றாகப் பறக்கிற மாதத்தில் 40 என்றாலும் 70 என்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்ஜின் கிடைக்காமல் விமானம் நின்றால், டெலிவரி தள்ளிப்போனால், கோர்ஸில் உட்கார்ந்திருந்தால், அப்போதுதான் அந்த எண் கடிக்கும். அதாவது விமானம் இல்லாமல் போகிற அபாயத்தைக் கம்பெனி தன் தோளிலிருந்து இறக்கி எங்கள் தோளில் வைத்துவிட்டது.

விமானம் அதிகமாகி ஆள் போதாமல் போனாலும் இழுபடுவது நாங்கள்தான். புது பணி நேர விதி வாராந்திர ஓய்வை 36இலிருந்து 48 மணிநேரமாக்கியது, இரவு லேண்டிங்குகளை 6இலிருந்து 2ஆகக் குறைத்தது. அதற்கேற்ற ஆள் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய வேண்டி வந்தது, உடனே விதியைத்தான் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

இதைத் திருத்துவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பெனி முடிவால் ஒருவர் வேறு விமானத்துக்கு மாறினால், அந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் அவர் முந்தைய வருடம் பறந்த சராசரி மணிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பாண்டு கேட்கக் கூடாது, அவராக விரும்பிப் போனால் கேட்கட்டும். விமானங்கள் தரையில் நிற்கும்போது உறுதி மணியில் கை வைக்கக் கூடாது. இண்டிகோ ஏ350 என்ற பெரிய ஏர்பஸ் 60க்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, ஏர் இந்தியாவுக்கும் இன்னும் நிறைய வரவிருக்கிறது. இந்த விமானங்களுக்கு யார், எந்த வரிசையில், எந்தச் சம்பளத்தில் போகிறார்கள் என்பதை முதல் விமானம் வந்து இறங்குவதற்கு முன்பே எழுத்தில் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். கேப்டன் வேலையை விடுவதென்றால் ஒரு வருடம், கோ-பைலட் என்றால் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017இல் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதி போட்டது. எங்களை அத்தனை காலம் கட்டிப்போட அதிகாரம் இருக்கிறதென்றால், அந்தக் காலத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணிக்குச் சம்பளம் என்பதையும் அதே விதியில் எழுதட்டும்.