மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே அரை மணி நேரம்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்கிற மூளை நரம்பு நோய் என்று தெரிந்து 6 வருடம் ஆகிறது. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் 30 வருடத்துக்கு மேல் உழைத்த உடம்பு அது. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போன நாளில், அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறியவர். போன தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனோம். வழக்கமாகப் போடும் அளவு தோளில் தொங்கியது. கடைக்காரர், "ஐயா ரொம்ப இளைச்சிட்டாரே" என்றார். "வயசாயிடுச்சுல்ல" என்று அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய மருத்துவ அட்டையைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் 67 கிலோ. அன்று எடை போட்டால் 56. பதினோரு கிலோ எங்கள் கண்ணெதிரில் கரைந்திருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைத் தவணைக்கும் போனோம். கை நடுக்கம் எப்படி, நடை எப்படி, விழுந்தாரா என்று கேட்டார்கள். என்ன சாப்பிடுகிறார், எப்படி விழுங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

இதைத்தான் சொல்ல வந்தேன். பார்க்கின்சனை நாம் கை நடுக்கமாக மட்டும் பார்க்கிறோம். அது தட்டிலும் தொண்டையிலும் குடலிலும் இருக்கிற நோய். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் முதன்முதலில் இந்த நோயை விவரித்தபோதே, முள்கரண்டி தட்டில் குறி தவறுவது, வாயில் வைத்த உணவை மென்று விழுங்க முடியாமல் போவது, எச்சில் வடிவது, மலச்சிக்கல் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். 200 வருடம் தாண்டிவிட்டது. இன்னும் நாம் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தப்பு அன்பினால் நடந்தது. காலை 8 மணிக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குடல் புண்ணாகும் என்று அம்மா பெரிய கோப்பையில் பால் ஊற்றிய ஹார்லிக்ஸும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் கூடவே வைப்பார். பத்து மணிக்கெல்லாம் அப்பா அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். நோய் முற்றுகிறது என்று நினைத்தோம். மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டது. அப்புறம் ஒரு நாள் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த மலாய்ப் பெண், "மாத்திரையை எதோடு சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மடோபார், சினமெட் போன்ற மாத்திரைகளில் இருக்கும் முக்கியமான மருந்து லெவோடோபா. அதுவும் ஒரு அமினோ அமிலம். பால், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் செரிக்கும்போதும் அமினோ அமிலங்களாகத்தான் உடையும். சிறுகுடலில் இருந்து இரத்தத்துக்குப் போகவும், இரத்தத்தில் இருந்து மூளைக்குள் நுழையவும் லெவோடோபாவுக்கும் இவற்றில் சிலவற்றுக்கும் ஒரே வாகனம்தான். அப்பாவுக்கு இதை ஃபெரியை வைத்துச் சொன்னேன். ஃபெரியில் கார் ஏற்றிய அந்தக் காலம். பட்டர்வொர்த் ஜெட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதே நேரத்தில் நூறு கார் வந்து வரிசை கட்டினால் மோட்டார் சைக்கிள் எப்போது அக்கரை சேரும்? இந்த மருந்துக்கு இரண்டு இடத்தில் அந்த வரிசை. அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப கார் வர்றதுக்கு முன்னாடியே நான் ஏறிடணும்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், இல்லை சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட் போதும், பால் வேண்டாம் என்றார்கள். இப்போது 7.30க்கு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. 8.15க்குப் பசியாறுவார். பத்து மணிக்கு வாசலில் நிற்கிற அப்பாவை இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

போன தைப்பூச விரதத்தின்போதே இது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பகலில் பாலோ முட்டையோ எதுவும் இல்லை, பழமும் கொஞ்சம் சோறும்தான். அப்பா அவ்வளவு லேசாக நடந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக்கூட வந்தார், படி ஏறவில்லை, கீழே நின்று கும்பிட்டார். முருகன் அருள் என்றார் அம்மா. அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்த அருள் எந்த வழியாக வந்தது என்று அன்றே யோசித்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இதைக் கேட்ட உடனே சித்தப்பா போன் போட்டு, "அப்ப மீன், முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இளைத்தவருக்குப் புரதத்தை வெட்டினால் இருக்கிற தசையும் போய்விடும், தசை போனால் விழுவார். வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் புரதம் தேவை. அதைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் மாற்றலாம். அப்பாவுக்கு உணவியல் நிபுணர் சொன்னது, பகலில் சோறு, காய், பழம் என்று லேசாக, மீன்கறியும் தவுஃபூ என்கிற சோயாக் கட்டியும் இராத்திரிச் சாப்பாட்டில். இது எல்லாருக்கும் தேவைப்படாது. மாத்திரையின் வேலை நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான். அதையும் நிபுணரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், சித்தப்பாவிடம் கேட்டு இல்லை.

தொண்டை விஷயம் இதைவிட பயமானது. அப்பாவுக்கு ரசம் குடிக்கும்போது அடிக்கடி புரையேறும். அம்மா உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். சின்ன வயதிலிருந்து நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த வார்த்தை. தினம் மூன்று முறை யார் நினைக்கப் போகிறார்கள்? அது விழுங்கும் தசைகள் தடுமாறுவதற்கான அடையாளம். ரசம், தேநீர், தண்ணீர் மாதிரி நீர்த்தவைதான் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கும் கஞ்சியும் கஷ்டம்தான். சிலருக்கு இருமல்கூட வராமலேயே உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கியது நுரையீரல் அழற்சியாக மாறி, பார்க்கின்சன் உள்ளவர்கள் உயிரிழக்க ஒரு முக்கியக் காரணமாகிறது. சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தால், காரணமில்லாமல் அடிக்கடி காய்ச்சல் வந்தால், ஸ்பீச் தெரபிஸ்டிடம் போங்கள். பெயரைப் பார்த்துப் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்கள்தான். அப்பாவுக்கு இப்போது ரசத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார், சாப்பிட்டு அரை மணி நேரம் படுப்பதில்லை.

மூக்கையும் சொல்ல வேண்டும். நோய் என்று தெரிவதற்கு நாலைந்து வருடம் முன்பிருந்தே, "கறியில மணமே இல்ல" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எத்தனை நாள் மனம் நொந்திருப்பார்! நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்னரே வாசனை போய்விடலாம், மலச்சிக்கலும் அப்படியே. அம்மாவின் கறியில் ஒரு குறையும் இல்லை. இதை அவரிடம் சொன்ன அன்று அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

மலச்சிக்கலைப் பற்றி நம் வீடுகளில் வாய் திறப்பதே இல்லை. திறங்கள். வயிறும் குடலும் மெதுவானால் மாத்திரையும் உள்ளேயே தேங்கும், பசியும் வராது. பப்பாளி, கீரை, தண்ணீர் போதவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னும் சில. இரும்புச் சத்து மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வாந்தி என்று தனியார் கிளினிக்குக்குப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள், வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு மருந்து இவர்களுக்கு ஆகாது. நாட்டு மருந்தான பூனைக்காலி விதைப் பொடியில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, அதனால்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாமல், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அதையும் கொடுப்பது ஆபத்து.

எனக்குக் கிடைத்த உணவு அறிவுரைத் தாளில் ஓட்ஸ் இருந்தது, பாஸ்தா இருந்தது. இட்லி இல்லை, தோசை இல்லை, சாம்பார் இல்லை. உளுந்தில் எவ்வளவு புரதம், காலையில் எத்தனை இட்லி வரை பரவாயில்லை என்று நானே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். கோயில் மண்டபங்களில் சர்க்கரை நோய்க்கு முகாம் போடுகிறோம், நல்லது. வருடத்தில் ஒரு நாள் இதற்கும் தமிழில் உட்கார்ந்து பேசலாமே. ஒவ்வொரு தவணையிலும் எடை பார்க்கட்டும். விழுங்க முடிகிறதா என்று கேட்கட்டும். உணவியல் நிபுணரிடம் நோய் தெரிந்த அன்றே அனுப்பட்டும், 11 கிலோ போன பிறகு வேண்டாம்.

உறவினர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அப்பா விருந்துக்குப் போவதை நிறுத்தியது கால் வராததால் இல்லை. ஒரு கல்யாணத்தில் இலையில் கை நடுங்கி மோர் சட்டையெல்லாம் சிந்தியது. எதிரில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் எங்களுக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு, பாதியில் போதும் என்று எழுந்துவிடுவார். அந்தப் பதினோரு கிலோவில் இந்தக் கூச்சத்துக்கும் பங்கு இருக்கிறது. அவருக்கு ஒரு சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஆறிப்போனால் சூடு பண்ணிக் கொடுங்கள். பார்க்காதீர்கள், பேசிக்கொண்டிருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எடை 58.5. அடுத்த மாதம் சுங்கைப் பட்டாணியில் சித்தப்பா மகள் கல்யாணம். விருந்து 7.30 என்று அழைப்பிதழில் இருக்கிறது. சோறு உண்மையில் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மா போன் போட்டுக் கேட்டுவிட்டார். கனமான பிடி வைத்த கரண்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அப்பா வருகிறார்.