அக்ரோலைட்டை விட்டுவிட்டீர்களே

பழைய மெட்டல் ஸ்நேர் டிரம்மின் (அடித்தோலில் கம்பிகள் அதிரும் டிரம்) கவர்ச்சியே மலிவு விலைதான் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. லுட்விக் கம்பெனியின் அக்ரோலைட் ஸ்நேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் மாணவர்களுக்கென்று வந்தது. ஆனால் ஷெல் (டிரம்மின் உடல்), அதே கம்பெனியின் விலை கூடிய சூப்ராஃபோனிக்கில் இருக்கும் அதே இணைப்பில்லாத அலுமினியம். சூப்ராஃபோனிக்கில் 10 லக் (ஹெட்டை, அதாவது தட்டும் தோலை, இறுக்கும் திருகுகளின் பிடிகள்), அக்ரோலைட்டில் 8. அக்ரோலைட்டின் ஷெல்லுக்குக் குரோம் பூச்சு கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான்: அலுமினியத்தில் குரோம் சரியாக ஒட்டாமல் சூப்ராஃபோனிக்கில் புள்ளி புள்ளியாக உரிந்து வரும். அக்ரோலைட்டின் சத்தம் பளிச்சென்று இருக்கும், மெதுவாகத் தட்டினாலே ஸ்நேர் கம்பி பேசும்.

வாங்கும்போது பளபளப்பில் மயங்காதீர்கள். ஹெட்டைக் கழற்றி ஷெல்லின் விளிம்பு நெளிந்திருக்கிறதா, கம்பியை இறுக்கும் ஸ்நேர் லிவர் நழுவாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கம்பியும் ஹெட்டும் பெரும்பாலும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கக் கேட்கலாம்.